தேன் பெட்டிக்குள்ளே எத்தனை அப்பா?



தேனீ என்றாலே எல்லாரும் சுறுசுறுப்பு, ஒற்றுமை, சேமிப்பு என்றுதான் கட்டுரை எழுதுவார்கள். நான் வேறு ஒரு விஷயம் எழுதப் போகிறேன். ஒரு பெட்டியில் இருக்கும் தேனீக்கள் எல்லாம் பார்க்க அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். ஆனால் உள்ளுக்குள் அவை ஒன்றுபோல இல்லை. அப்படி இல்லாமல் இருப்பதுதான் பெட்டியைக் காப்பாற்றுகிறது. குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்திலும் வீட்டுப் பின்பக்கத்திலும் பெட்டி வைத்திருப்பவர்கள் நிறைய பேர். அதனால இது நம்ம வீட்டுச் சங்கதியும்தான்.

முதலில் குடும்பத்தைப் பார்ப்போம்

ஒரு பெட்டியில் ஒரே ஒரு ராணி. பல ஆயிரம் வேலைக்காரத் தேனீக்கள். கொஞ்சம் ஆண் தேனீக்கள். வேலைக்காரத் தேனீக்கள் அத்தனையும் பெண்! தேன் கொண்டு வருவது, அடை கட்டுவது, புழுவுக்கு ஊட்டுவது, காவல் நிற்பது எல்லாம் பெண்கள்தான். (பையன்கள் கவனிக்கவும்.)

ஆண் தேனீக்கு அப்பாவே கிடையாது. ராணி இடும் முட்டை ஆண் உயிரணுவோடு சேர்ந்தால் பெண் பிறக்கும். சேராவிட்டால் ஆண் பிறக்கும். அதனால் பெண் தேனீக்கு 32 குரோமோசோம், ஆண் தேனீக்கு பாதி, அதாவது 16.

ராணி பிறந்த சில நாட்களில் பெட்டியை விட்டு வெளியே பறந்து போகும். வானத்தில் பல இடங்களில் இருந்து வந்த ஆண் தேனீக்கள் கூடி இருக்கும். அங்கே ஒன்று இரண்டு அல்ல, பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு இணை சேரும். சேர்ந்த ஆண் தேனீ அப்பவே செத்துப் போகும். கிடைத்த உயிரணுக்களை ராணி தன் வயிற்றில் உள்ள சின்னப் பையில் சேமித்து, பிறகு வருஷக்கணக்கில் முட்டை இடும்.

ஆக, ஒரு பெட்டிக்குள் அம்மா ஒன்று, அப்பாக்கள் பல!

ஒரு சின்னக் கணக்கு

ஒரே அப்பாவுக்குப் பிறந்த இரண்டு வேலைக்காரத் தேனீக்களை எடுத்துக்கொள்வோம். அப்பாவிடம் ஒரே தொகுதி குரோமோசோம்தான் உள்ளது. அதை அப்படியே எல்லா மகள்களுக்கும் கொடுக்கும். எனவே அப்பா வழி 50 சதவீதமும் ஒன்று. அம்மா வழியில் வந்த 50-ல் சராசரியாகப் பாதி ஒன்று, அதாவது 25. மொத்தம் 75 சதவீதம். அப்பா வேறு வேறு என்றால் அம்மா வழி 25 மட்டும்தான். ஒரே அடையில் பக்கத்துப் பக்கத்து அறையில் பிறந்தவை கூட இவ்வளவு வித்தியாசம்!

இதனால் என்ன லாபம்?

1. சூடு. புழு இருக்கும் அடையை ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் சூட்டில் தேனீக்கள் வைத்திருக்க வேண்டும். சூடு கூடினால் சிறகை அடித்து விசிறும். நம்ம பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயடிக்கு ஓடினால் என்ன ஆகும்? ஒருத்தருக்கும் தண்ணீர் கிடைக்காது. அதேபோல எல்லாத் தேனீயும் ஒரே சூட்டில் விசிற ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிறுத்தினால், சூடு ஏறி ஏறி இறங்கும். பல அப்பாக்களின் பிள்ளைகள் என்றால் ஒரு கூட்டம் முதலில் தொடங்கும், ஒரு கூட்டம் கொஞ்சம் கழித்து. சூடு நிதானமாக இருக்கும். இதை 2004-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் சோதித்துக் காட்டினார்கள்.

2. உழைப்பு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹீதர் மட்டிலா, தாமஸ் சீலி என்ற இருவர் செய்த சோதனை 2007-ல் வெளிவந்தது. சில ராணிகளுக்கு 15 ஆண் தேனீக்களின் உயிரணுவைச் செலுத்தினார்கள். சில ராணிகளுக்கு ஒரே ஒரு ஆண் தேனீயினுடையதை மட்டும். 15 அப்பா உள்ள கூட்டங்கள் வேகமாக அடை கட்டின, அதிகம் உணவு சேர்த்தன. அந்த ஊர்ப் பனிக்காலம் ரொம்பக் கடுமை. ஒரே அப்பா உள்ள கூட்டம் ஒன்றுகூட அதைத் தாண்டவில்லை. பல அப்பா உள்ளவற்றில் நாலில் ஒரு பங்கு பிழைத்தது.

3. பிள்ளைகள். இதுதான் ரொம்ப முக்கியம். தேனீ ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் மரபணு ஒன்று இருக்கிறது. அதை 2003-ல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவில் பல வகை உண்டு. முட்டையில் இரண்டு வேறு வகை சேர்ந்தால் பெண். ஒரே வகை இரண்டாகச் சேர்ந்தால் அது உருப்படாத ஆண். அந்தப் புழுவை வேலைக்காரத் தேனீக்களே தின்றுவிடும்.

ராணியிடம் உள்ள இரண்டு வகையில் ஒன்று, அது சேர்ந்த ஆண் தேனீயிடமும் இருக்கிறது என்று வைப்போம். சேர்ந்தது அந்த ஒரே ஆண் என்றால் 100 முட்டையில் 50 போச்சு! பத்து ஆணில் ஒன்று மட்டும் அப்படி என்றால் 100-க்கு 5 தான் போகும். இப்போது புரிகிறதா, ராணி ஏன் அத்தனை தூரம் பறந்து போகிறது என்று?

1991-ல் நடந்தது

நம்ம நாட்டுத் தேனீக்கு 1991, 1992-ல் தென்னிந்தியாவில் ஒரு பெரிய கொள்ளைநோய் வந்தது. அதன் பெயர் தாய் சாக்புரூட். (இங்கே தாய் என்றால் அம்மா இல்லை, தாய்லாந்து!) இது வைரஸ் நோய். புழுவின் தோல் ஒரு பை மாதிரி ஆகி, உள்ளே தண்ணீர் நிறைந்து செத்துப் போகும். குமரி மாவட்டம், கேரளம், கர்நாடகம் எங்கும் பெரும்பாலான பெட்டிகள் காலியாகிவிட்டன.

எங்க தாத்தாவிடம் அப்போ முப்பது பெட்டி இருந்ததாம். மிஞ்சினது ரெண்டு. "பெட்டிப் பலகையை அடுப்புக்கு வெட்டினோம் மக்ளே" என்று ஆச்சி இப்பவும் சொல்வாங்க.

ஆனால் நாட்டுத் தேனீ அழிந்துவிடவில்லை. தாக்குப்பிடித்து நின்ற கூட்டங்களில் இருந்துதான் மறுபடியும் பெருக்கினார்கள். எல்லாத் தேனீயும் ஒரே அச்சாக இருந்து, அந்த அச்சுக்கு நோயைத் தாங்கும் சக்தி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

மனிதன் வளர்க்கும்போது வரும் சிக்கல்

காட்டில் ராணியை யாரும் பொறுக்கி எடுப்பதில்லை. நாம் பொறுக்குகிறோம். அமெரிக்காவில் சில நூறு தாய் ராணிகளில் இருந்தே ஒவ்வொரு வருஷமும் லட்சக்கணக்கான ராணிகளை வளர்த்து விற்கிறார்கள். நோய்க்குப் பயந்து 1922-லேயே வெளிநாட்டுத் தேனீ வரக்கூடாது என்று சட்டமும் போட்டார்கள். பிறகு, வகை குறைகிறதே என்று கவலைப்பட்டு, 2008 முதல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஐரோப்பாவில் இருந்து ஆண் தேனீயின் உயிரணுவை மட்டும் அனுமதி வாங்கிக் கொண்டுவந்தார்கள்.

நம்ம ஊரிலும் சின்ன அளவில் இதே கதைதான். எங்க பெரியப்பாவிடம் ஆறு பெட்டி. எல்லாமே நல்லாத் தேன் தர்ற ஒரே பெட்டியில் இருந்து பிரித்தது. ஆறு ராணியும் அக்கா தங்கச்சிகள். பக்கத்துத் தோட்டக்காரரும் பெரியப்பாவிடம்தான் பெட்டி வாங்கினார். அப்போ வானத்தில் கூடுகிற ஆண் தேனீக்களும் பெரும்பாலும் சொந்தக்காரங்களே!

இதை நான் சொன்னதும் பெரியப்பா சிரித்தார். "தேன் தர்ற பெட்டியை விட்டுட்டு, தூங்குற பெட்டியிலயா ராணி எடுப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தத் தேன் காசில்தான் எங்க வீட்டில் பள்ளிக்கூடச் செலவு நடக்கிறது. ஆனால் பதில் ஆச்சியிடம் இருந்து வந்தது. "ஆட்டுக்கு மட்டும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வேற ஊர் கிடா தேடுறியே, ஏன்?" என்றார்கள். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் எந்தப் பெட்டி எதில் இருந்து பிரித்தது என்று காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்தார்.

நாம் என்ன செய்யலாம்?

* ஒரே பெட்டியில் இருந்து எல்லாவற்றையும் பிரிக்காமல், நல்ல பெட்டிகள் மூன்று நான்கில் இருந்து பிரிக்கலாம்.
* வேறு ஊர்க்காரரோடு பெட்டி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதில் நோய் இல்லை என்று அடையைத் திறந்து பார்த்த பிறகுதான். பெட்டியோடு நோயும் பயணம் போகும்!
* ஆண் தேனீ வேலை செய்யாத சோம்பேறி என்று ஆண் அடையை முழுவதும் வெட்டி எறியக் கூடாது. அது அடுத்த ஊர் ராணிக்கு உதவும்.
* மரப்பொந்திலும் கிணற்றுச் சுவரிலும் இருக்கும் கூட்டைத் தீ வைத்துக் கொளுத்தக் கூடாது. நம்ம பெட்டி ராணிக்கு வேறு வகை மாப்பிள்ளை அங்கே இருந்துதான் வர வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தேன் பெட்டி இருந்தால், அது யாரிடம், எந்த ஊரில் இருந்து வந்தது என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள். எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர் வந்தால், நம்ம ஊர்ப் பெரியவர்களிடம் காட்டிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பசை என்னிடம் உள்ளது.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி