ஒரு மீன், இரு வாழ்வு

கோடை விடுமுறையில் குலுவுக்கும் காஷ்மீரத்துக்கும் சென்று வரும் நம் சங்கத்து அன்பர்கள் ‘டிரௌட்’ என்னும் மீனை அறிவார்கள். பனிநீர் ஆறுகளில் வளரும் வானவில் டிரௌட் நம் நாட்டுக்கு உரியதன்று. நீலகிரியில் அவலாஞ்சி என்னுமிடத்தில் 1907-ஆம் ஆண்டில் எச். ஸி. வில்ஸன் என்பவர் மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றை நிறுவினார். அதன் பின்னரே அம்மீன் நம் தமிழ்நாட்டு மலையோடைகளில் நிலைபெற்றது. அதன் பிறந்தகம் வட பசிபிக் கடலின் இரு கரைகள்: ஒருபுறம் கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரை, மறுபுறம் ரஷ்யாவைச் சேர்ந்த கம்சாத்கா.

அப்பிறந்தகத்து ஆறுகளில் ‘ஸ்டீல்ஹெட்’, அதாவது எஃகுத்தலை, என்று வேறொரு பெயரும் வழங்குகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். மீன் உண்ணாத இல்லங்களும் நம்மிடையே பல உண்டு. பிறந்த இடத்தை விட்டுப் பிழைக்கச் செல்வோரின் கதையாகவும் இது இருப்பதால், அவர்களும் படிக்கலாம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுவோம். இவை இரண்டும் ஒரே இனம். 1792-இல் வால்பாம் என்ற ஜெர்மானிய அறிஞர் கம்சாத்கா மீனுக்கு ஒரு பெயரிட்டார். 1836-இல் ரிச்சர்ட்ஸன் என்பவர் கொலம்பியா ஆற்று மீனுக்கு வேறொரு பெயரிட்டார். 1855-இல் கிப்பன்ஸ் என்பவர் கலிபோர்னிய ஓடையொன்றின் சிறு மீன்களுக்கு மூன்றாவதாக ஒரு பெயரிட்டார். யாவும் ஒன்றே என்று தெளிந்து, 1989-இல் அறிவியலார் ‘ஆங்கோரிங்கஸ் மைகிஸ்’ என்ற பெயரை ஏற்றுக்கொண்டனர்.

அப்படியாயின் வேறுபாடு எங்கே இருக்கிறது? வாழும் முறையில் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் யாவும் ஆற்றில் ஒன்றாகவே வளர்கின்றன. சில தம் வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிக்கின்றன. அவையே வானவில் டிரௌட். வேறு சில, பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் ஆற்றில் இருந்தபின், கடல் நோக்கிப் புறப்படுகின்றன, அவையே ஸ்டீல்ஹெட். கல்கத்தாவில் வாழும் அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். வங்காளிகள் இலீஷ் என்று போற்றும் நம் உல்லம் மீனும் கடலில் வளர்ந்து, முட்டையிடக் கங்கைக்குள் ஏறி வருவதன்றோ?

கடலுக்குப் புறப்படும் குஞ்சு முதலில் தன் உடலையே மாற்றிக்கொள்கிறது. விலாப்புறத்தில் இருந்த கரும்பட்டைகள் மறைந்து மேனி வெள்ளிபோல் மின்னுகிறது. ஆற்றில் இருந்தவரை உடலில் புகும் மிகை நீரை வெளியேற்றி உப்பைக் காத்துக்கொண்ட மீன், கடலிலோ நீரைக் குடித்து உப்பைச் செவுள் வழியே வெளியேற்றக் கற்கிறது. ஓரிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ கடலில் இரைதேடிக் கொழுத்தபின், பெரும்பாலும் தான் பிறந்த ஆற்றுக்கே அது திரும்புகிறது. பசிபிக் சால்மன்களுள் பெரும்பாலானவை ஒருமுறை முட்டையிட்டதும் மாண்டுபோகும். ஸ்டீல்ஹெட்டுகளுள் சிலவோ பிழைத்து, மீண்டும் கடலுக்குச் சென்று, மறுமுறையும் திரும்பி வரும்.

இனிக் கண்ணால் காணும் அடையாளங்களைப் பார்ப்போம். கடலிலிருந்து புதிதாக வந்த ஸ்டீல்ஹெட் நீண்டு, வெள்ளி நிறமாய், முதுகு நீலச்சாம்பல் பூத்து இருக்கும். ஓடை டிரௌட்டோ பச்சை படர்ந்து, கரும்புள்ளிகள் நிறைந்து, விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை தீட்டியதாய் இருக்கும். பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் நின்றுவிடும். கடல் சென்று வந்தது நான்கைந்து கிலோ இருப்பது சாதாரணம்.

ஆயினும் இவ்வடையாளங்களை முழுதும் நம்புவதற்கில்லை. ஸ்டீல்ஹெட் ஆற்றில் சில வாரங்கள் தங்கினாலே மேனி கறுத்து, இளஞ்சிவப்புப் பட்டையும் தோன்றிவிடும். பெரிய ஏரிகளில் வாழும் டிரௌட்டோ கடலையே காணாமல் வெள்ளியாய் மின்னும். கனடாவின் கூட்டெனே ஏரியில் அது ஒன்பது கிலோவையும் எட்டுவதுண்டு. எனவேதான் அங்குள்ள அரசுகள் மீன்பிடிப்போருக்கு அளவுகோலைக் கையில் கொடுத்திருக்கின்றன. கடலோடு தொடர்புள்ள ஆறுகளில் பிடிபடும் வானவில் டிரௌட் கலிபோர்னியாவில் 16 அங்குலத்துக்கும், வாஷிங்டன் மாநிலத்தில் 20 அங்குலத்துக்கும் மேற்பட்டிருந்தால் அது ஸ்டீல்ஹெட் என்றே கொள்ளப்படும்.

ஐயமற அறிய வேண்டுமானால் மீனின் காதுக்கல்லைப் பார்க்க வேண்டும். மரத்தின் வளையங்களைப் போல ஆண்டுதோறும் வளரும் சிறு சுண்ணக்கல் அது. ஸ்ட்ரான்ஷியம் என்னும் தனிமம் கடல்நீரில் மிகுதி. பெரும்பாலான ஆறுகளில் குறைவு. கல்லின் எந்த வளையத்தில் அது மிகுந்திருக்கிறதோ, அந்தக் காலத்தில் மீன் கடலில் இருந்தது என்று துணியலாம். வியப்பு யாதெனில், கல்லின் நடுப்புள்ளி முட்டையின் கருவுணவிலிருந்து உருவாவதால், மீனின் தாய் கடல் கண்டவளா என்பதும் அதில் பதிந்திருக்கிறது! கடல் கண்ட தாய்க்கு ஆற்றோடு தங்கும் பிள்ளையும், ஆற்றோடு தங்கிய தாய்க்குக் கடலோடும் பிள்ளையும் பிறப்பதை ஆய்வாளர் இவ்வாறே கண்டறிந்தனர். பிறப்பும், பாலும், ஆற்றில் கிட்டும் இரையும் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கின்றன. பொதுவாகக் கடலுக்குச் செல்வோரில் பெண்மீன்களே மிகுதி. உடல் பெருத்தால் முட்டையும் பெருகுமன்றோ?

இப்பாகுபாடு வெறும் பெயர்ப்பூசல் அன்று. அணைகளாலும் ஆற்றுநீர் குறைவாலும் ஸ்டீல்ஹெட் அருகிவந்தமையால், 1997 முதல் அமெரிக்க அரசு அதன் பல கூட்டங்களைச் சட்டக் காப்பின்கீழ்க் கொணர்ந்தது. 2006-இல் கடலோடும் வாழ்வுடையவற்றை மட்டுமே அக்காப்புக்கு உரியனவாக வரையறுத்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று காப்புக்குரியது, மற்றொன்று அன்று என்றாயிற்று.

தங்கிவிட்டவற்றைக் கைவிடலாமா என்பதற்கு எல்வா ஆறு விடை சொல்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் அந்த ஆற்றின் குறுக்கே, கழிமுகத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில், 1913-இல் ஓர் அணை எழுந்தது. 1927-இல் அதற்கு மேலே மற்றொன்று எழுந்தது. இரண்டிலும் மீன் ஏறிச்செல்ல வழி விடப்படவில்லை. மேலே அகப்பட்ட மீன்கள் கடலிலிருந்து துண்டிக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக வானவில் டிரௌட்டாகவே வாழ்ந்தன. 2011-க்கும் 2014-க்கும் இடையே இரு அணைகளும் அகற்றப்பட்டன. சில ஆண்டுகளுக்குள், கோடையில் கடலிலிருந்து ஏறிவரும் ஸ்டீல்ஹெட்டுகள் அந்த ஆற்றில் மீண்டும் தென்பட்டன. அவற்றின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, அணைக்கு மேலே அடைபட்டிருந்த குலத்தின் வழி அவற்றில் தெரிந்தது.

நூறாண்டுக் காலம் கடலையே காணாத குடும்பத்தின் பிள்ளைகள், கதவு திறந்ததும் வழியறிந்து சென்று, வழியறிந்து திரும்பியிருக்கின்றன. அடுத்த கோடையில் குலு ஆற்றங்கரையில் நின்று, “இந்த மீன் எந்த ஊர்?” என்று நம் பிள்ளைகள் வினவினால், அவர்களுக்குச் சொல்ல இக்கதை இருக்கட்டும்.