நீர் தேங்கும் முற்றமும் நாய் மிதித்த புற்றரையும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதிகளிலே ஆண்டு மழையிற் பெரும்பாகம் ஐப்பசி தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவக் காற்றோடு பெய்து முடிகின்றது. நவம்பர், டிசெம்பர் ஆகிய இரு மாதங்களில் மாத்திரம் சராசரியாக 700 மில்லிமீற்றர் அளவான மழை கிடைக்கின்றது. பெரும்போக நெல்லுக்கு உயிர் கொடுக்கும் இம்மழையே வீட்டு முற்றத்துப் புல்லுக்குக் கேடாக முடிவதுண்டு. புல் மஞ்சளித்து, கோரை தலைதூக்கி, கால் வைக்குமிடமெல்லாம் சேறாகின்றது. அவ்வேளையில் வளவுக்குள் ஓயாது ஓடித்திரியும் இளநாய் ஒன்றும் இருக்குமாயின், தை பிறக்கும்போது முற்றத்திற் சேறும் குழிகளுமே எஞ்சும். வீட்டுக்காரர் பழியை நாயின்மேற் போடுகின்றார். பழியிற் பாதிக்கு மேல் நீரைச் சேர வேண்டியதாகும்.

புற்றரை என்பது 1957ஆம் ஆண்டு வரை இத்துறைமுகத்தில் இருந்த பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளின் வீடுகளுக்கே உரிய அலங்காரம் என்று கமக்காரர் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது, புல்லற்ற முற்றத்தின் புழுதி முழுவதும் வீட்டுக்குள்ளும் காயவைத்த நெல்லின்மேலும் வந்து விழுகின்றது. மாரியிலோ அதே முற்றத்து மண் கரைந்து, பின்புறத்து மிளகாய்ப் பாத்திகளுக்குள் ஓடுகின்றது. மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவற்றின் வேர்கள் இரண்டொரு நாள் நீருள் நின்றாலே மூச்சுத் திணறி, வாடல் நோய்க்கு இடங்கொடுக்கும். ஆதலால் முற்றத்து வடிகாலும் தோட்டத்து வடிகாலும் ஒரே காரியமாகும்.

நாயின் கால்கள் மண்ணுக்கு என்ன செய்கின்றன என்பதை நெற்செய்கையாளருக்கு விளக்குதல் எளிது. வயலில் நீரைக் கட்டி, மண்ணைச் சேறாகக் கலக்குகின்றோம். முற்காலத்தில் எருமைகளை விட்டு மிதிப்பித்தோம். இன்று உழவு இயந்திரம் அதனைச் செய்கின்றது. இதனால் மண்ணின் சிறு கட்டிகள் உடைந்து, துளைகள் அடைபட்டு, உழவுப் படைக்குக் கீழே இறுகிய படையொன்று உண்டாகி நீரைத் தாங்கி நிற்கின்றது. நெல்லுக்கு வேண்டியது அதுவே. நனைந்த முற்றத்தில் வேலியோரமாக நாளுக்கு நூறு தடவை ஓடும் நாயும் இதே வேலையைச் செய்து முடிக்கின்றது. முற்றம் சிறு வயலாகி விடுகின்றது. அடுத்த மழை உள்ளே இறங்க வழியின்றி மேலே நிற்கின்றது. இந்நிலையில் மேலே புதுப்புல்லை நட்டு என்ன பயன்? முதலில் நீர், பின்னர் மண், அதன் பின்னரே புல் என்ற ஒழுங்கில் வேலை நடைபெறல் வேண்டும்.

மழை ஓய்ந்த மறுநாள் முற்றத்தைச் சுற்றி நடந்து, நீர் நிற்கும் இடங்களின் ஓரத்தில் முளைகள் நாட்டுக. அங்கே ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள குழியொன்றைத் தோண்டிப் பார்க்க. கீழிருந்து நீர் ஊறிக் குழி தானாக நிரம்புமாயின், நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்துள்ளது என்று கொள்க. உப்புவெளி, நிலாவெளி முதலிய கரையோர மணல் நிலங்களின் பள்ளமான பாகங்களில் மாரியில் இதுவே பெரும்பாலும் காணப்படும். குழி வெறுமையாயிருப்பின், நீர் ஊற்றி ஒருமுறை வடியவிட்டு, மீண்டும் நிரப்பி அளந்து பார்க்க. மணிக்கு ஓரங்குலமேனும் இறங்காவிடின் மண் இறுகியது அல்லது களிப்பிடிப்புள்ளது. தம்பலகாமம், மூதூர், கந்தளாய்ப் பகுதிகளின் தாழ்நிலங்களில் இவ்வகையே மிகுதி. நோயின் தோற்றம் ஒன்றாயினும் மருந்து வேறு.

வடிகால் வெட்டுமுன் கூரையைப் பார்த்தல் நன்று. 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள முற்றத்தில் ஓரங்குல மழை பெய்தால் விழும் நீர் 50 கன அடி, அதாவது ஏறத்தாழ 1,400 லீற்றராகும். அதேயளவு கூரையின் நீரும் பீலியின்றி அங்கேயே சொரியுமாயின் முற்றம் இருமடங்கு நீரைத் தாங்க நேரிடும். கூரைப் பீலி ஒன்றைப் பொருத்தி அந்நீரைத் தொட்டியிலோ வேறு பக்கத்திலோ விடுவதாற் சில வளவுகளின் குறை பாதியாகக் குறைந்துவிடும்.

களிமண் முற்றத்துக்கு, மேட்டுப்பக்கத்து நீரை மறிக்கும்படி ஓரமாக ஒரு வடிகால் வெட்டுக. ஆழம் ஓரடி, அகலம் முக்காலடி போதுமானது. 50 அடி நீளத்துக்கு 6 அங்குலம் சரிவு இருத்தல் வேண்டும். மேசன்மார் நீர்மட்டம் பார்க்கும் தெளிந்த குழாயால் இதனை அளந்துகொள்ளலாம், கண்மதிப்பை நம்பற்க. குழந்தைகளும் நாயும் விழாதிருக்க உடைந்த செங்கல், சல்லிக்கல் ஆகியவற்றால் வடிகாலை நிரப்பலாம். தேங்காய் மட்டையை இடுதல் ஆகாது. தென்னந்தோட்டத்தில் ஈரத்தைச் சேமித்து வைப்பதற்காகப் புதைக்கும் பொருளை ஈரம் வெளியேற வேண்டிய இடத்திற் போடுதல் தலைகீழான வேலை. வடிகாலின் வாய் கிணற்றின் பக்கமோ, மலகூடக் குழியின் பக்கமோ, அயலவர் வளவுக்குள்ளோ திறத்தல் கூடாது.

நிலத்தடி நீர் உயரும் மணல் நிலத்தில் உறிஞ்சு குழி தோண்டுவது வீண். மழைக்காலத்தில் அக்குழியே முதலில் நிறைந்துவிடும். அங்கே தரையை அரையடி உயர்த்தி, தாழ்ந்த மூலையொன்றை நீருக்கென விட்டுவிடுதலே தக்கது. அம்மூலையிற் கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை ஆகியன செழித்து வளரும். ஆயினும் வல்லாரையைப் பச்சையாகவும் உண்பதால், நாய் புகாதபடி அதனைச் சுற்றி அடைத்தல் அவசியம்.

இறுகிய மண்ணைத் தளர்த்தும் காலம் மழை குறையும் தை இறுதியும் மாசியுமாகும். ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்திப் பார்க்க. உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிருமாயின் பதம் சரி. பிசுபிசுப்பாயின் பொறுத்திருக்க, ஈர மண்ணைக் கிளறுபவர் நாயின் வேலையையே தாமும் செய்பவராவர். அரையடிக்கு ஒன்றாக, 6 அங்குல ஆழத்துக்கு அலவாங்கைக் குத்தி, சற்று அசைத்து எடுக்க. துளைகளில் நன்கு மக்கிய எருவையும் கரியாக்கிய உமியையும் கலந்து பெருக்கி விடுக. களிமண்ணோடு இரண்டொரு கூடை மணலைக் கலப்பது வழக்கத்திலுள்ள தவறு. சிறிதளவு மணல் களியோடு சேர்ந்து கல்லாக இறுகுமேயன்றி மண்ணைத் தளர்த்தாது.

வெயில் படும் முற்றத்துக்கு அறுகம்புல்லே சிறந்தது. வெப்பத்தையும் மிதிபடுதலையும் சிறிதளவு உவரையும் தாங்கும். இரண்டு மூன்று கணுக்களுள்ள தண்டுகளை அரையடி இடைவெளி வரிசைகளில், நுனி மாத்திரம் வெளியே தெரியப் புதைத்து மிதித்து, இரண்டு வாரம் நாடோறும் நீரூற்றுக. மாமர நிழலில் அறுகு நிலைக்காது. அகன்ற இலையுடைய நிழற்புல் வகையொன்றை அங்கே நடுக. கமக்காரருக்கு அறுகு எத்தகைய பகைவன் என்பதை நாம் மறந்தோமல்லோம். முற்றத்துக்கும் காய்கறிப் பாத்திக்கும் இடையே வடிகாலோ ஓரடி வெறுந்தரையோ இருத்தல் வேண்டும். அதனைத் தாண்டும் தண்டுகளை மாதம் ஒருமுறை மண்வெட்டியால் வெட்டிவிடுக.

இனி நாய். புல் வேர்பிடிக்கும் 6 முதல் 8 வாரங்களுக்கு அதனை அப்பக்கம் விடுதல் கூடாது. எனினும் நாள் முழுவதும் குறுஞ்சங்கிலியிற் கட்டிவைத்த நாய் அவிழ்த்த நேரத்தில் இருமடங்கு ஓடும். முற்றத்தை இரு பாதியாக்கி, ஒரு பாதியைத் திருத்தும்போது மறுபாதியை அதற்கு விடுக. இத்துறைமுகப் பகுதியிற் பழைய மீன்வலைக்குக் குறைவில்லை. கம்புகளில் விறைப்பாக இழுத்துக் கட்டினால் நல்ல தடுப்பாகும். தளர்ந்து கிடந்தால் நாயின் கால் சிக்கும். நகரத்தில் இரவில் வளவுக்குள் வரும் கோட்டை மான்களுக்கும் இவ்வாறே. நாய் வேலியோரமாக ஓடும் தடத்தில் மீண்டும் மீண்டும் புல் நடுதல் பணச்செலவேயாகும். அத்தடத்தையே இரண்டரை அடி அகலத்துக்குப் பருமணல் இட்டுப் பாதையாக்கி விடுக. வெயிலுக்குக் குளிர்ச்சி தேடி மண்ணைத் தோண்டும் நாய்க்கு, மரநிழலில் மணற்குழியொன்று கொடுத்தால் அங்கேயே தோண்டும்.

சிறுநீர் பட்ட இடத்தில் நடுவிற் புல் கருகி, சுற்றிலும் கரும்பச்சையாக வளர்வதைக் காணலாம். யூரியாவைக் குவித்துப் போட்ட இடத்தில் நேர்வதும் இதுவே. சுண்ணாம்பு தூவுதல் பயனற்றது. கேடு புளிப்பாலன்று, நைதரசனும் உப்பும் மிகுவதால் உண்டாகின்றது. உடனே ஒரு வாளி நீரை ஊற்றினாற் போதும்.

நீர் தேங்கிய முற்றத்திற் புல்லைவிடப் பெரிதான ஆபத்தும் உண்டு. எலிக்காய்ச்சலின் கிருமி எலிகளின் சிறுநீரோடு மாத்திரமன்றி, தொற்றுண்ட நாயின் சிறுநீரோடும் வெளிப்பட்டு ஈரமண்ணிலும் தேங்குநீரிலும் உயிரோடிருக்கும். காலிலுள்ள சிறு வெடிப்பின் வழியே உடலுட் புகும். வயலுக்கு மாத்திரம் உரியதென நாம் கருதும் நோய் வாசற்படியிலும் காத்திருக்கலாம். சேற்று முற்றத்தில் வெறுங்காலோடு வேலை செய்யாதிருக்க. நாய்க்குரிய தடுப்பூசியைப் பற்றிக் கால்நடை வைத்தியரிடமும், வயல் வேலைக் காலத்தில் வழங்கப்படும் தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் விசாரித்தறிக. சேற்றில் நின்ற பின் காய்ச்சலும் தசைநோவும் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, சேற்றில் நின்றதையும் சொல்லுக.

ஆவணி, புரட்டாதியில் வடிகாலிற் படிந்த மண்ணையும் சருகையும் அள்ளிவிட்டு, முன் நாட்டிய முளைகளை அப்படியே விட்டு வைக்க. முதற் பெருமழைக்குப் பின் ஒரு நாளுக்குள் முளையடியில் நீர் வற்றினால் வேலை சரி. வற்றாவிடின் வடிகாலின் வாயை மேலும் இரண்டங்குலம் தாழ்த்துக.