எழுபது வளைவுக்கு எந்த டயர்?

காரவள்ளி, மலையடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடும் செம்மேடும். கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளுக்கும் நாடு என்றே பெயர்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புலி நாடு என்று வரிசை நீளும். கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் மரவள்ளி, மிளகு, காப்பி, வாழை, அன்னாசி, பலா விளைகின்றன. விளைந்தது எதுவானாலும் தோட்டத்து மண் பாதையில் கிளம்பி, தார்ச்சாலை பிடித்து, மலையிறங்கித்தான் சேந்தமங்கலத்துக்கோ ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ போய்ச் சேர வேண்டும். ஜீப்பும் பிக்கப்பும்தான் அந்தச் சுமையை இறக்குகின்றன.

அதே வண்டிதான் அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்கும், திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலுக்கும் போகிறது. காலையில் சேறு, மதியம் மலைச்சாலை, மாலையில் நெடுஞ்சாலை. இப்படி ஓடும் வண்டிக்கு டயர் மாற்றும் நேரம் வந்ததும் ஓர் ஆசை எழும்: கம்பெனி போட்ட டயரை விட்டுவிட்டு, இரண்டு சுற்று பெரிதாக, முரட்டுப் பட்டன் வைத்த டயராகப் போட்டால் என்ன? வார இறுதியில் மலையேறி வரும் மகிந்திரா தார் வண்டிகளைப் பார்க்கும்போது அந்த ஆசை இன்னும் கூடும். போடலாமா, கூடாதா? பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டயர் பக்கவாட்டில் ஒரு ஜாதகம்

பொலிரோவில் வரும் டயரில் 215/75 ஆர் 15 என்று பொறித்திருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மின் விட்டத்தோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவரின் உயரத்தையும் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் சுமார் 703 மி.மீ. வரும்.

அதே ரிம்மில் 225/75 போட்டால் விட்டம் 718 மி.மீ. ஆகும், 2 சதவீதம் கூடுதல். 235/75 போட்டால் 733 மி.மீ.; 4 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் போய் நிற்கும் 31 அங்குல டயரின் விட்டம் 787 மி.மீ.; ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதல். அதன் அகலம் பத்தரை அங்குலம் என்பதால் 7 அங்குலத்துக்குக் குறைந்த ரிம்மில் அது சரியாக உட்காராது. டயரோடு டிஸ்க்கையும் மாற்ற வேண்டிவரும்.

மொத்த விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்பது டயர் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் எல்லைக்கோடு. அதற்குள் இருந்தால் கியரும் பிரேக்கும் மீட்டரும் பெரிதாகப் பாதிக்கப்படாது. தாண்டினால் ஒவ்வொன்றாகக் கணக்கு மாறும்.

பெரிய டயரின் நியாயம்

பெரிய டயர் கேட்பவர் வீண் ஜம்பத்துக்காக மட்டும் கேட்பதில்லை. பிக்கப்பின் பின் அச்சில் கிரவுன் இருக்கும் உருண்டைப் பகுதிதான் தரைக்கு மிக அருகில் தொங்குவது. மண் பாதையில் சக்கரத் தடம் பள்ளமாகி நடுவே மண் திட்டு நிற்கும் இடத்தில் முதலில் இடிபடுவதும் அதுதான். பட்டையைக் கூட்டினாலும் ஸ்பிரிங்கை மாற்றினாலும் பாடிதான் உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். பெரிய சக்கரம் பாறை விளிம்பிலும் பள்ளத்திலும் இலகுவாக ஏறி இறங்கவும் செய்யும்.

எவ்வளவு உயரும் என்பதுதான் கேள்வி. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் தரை இடைவெளியில் சேரும். 235/75 போட்டால் அச்சு உயர்வது 15 மி.மீ.; 31 அங்குல டயர் போட்டால் 42 மி.மீ. ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றே அதிகம். இதற்குக் கொடுக்கும் விலை மலைச்சாலையில் தெரியும்.

ஏறும்போது இழுவை, இறங்கும்போது பிரேக்

சக்கரம் பெரிதானால் எஞ்சினின் சுழல் விசை தரையில் இழுவையாக மாறும்போது அதே விகிதத்தில் குறையும். 31 அங்குல டயரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழுவை போய்விடும். அடிவாரத்திலிருந்து மேலே போகச் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். செகண்ட் கியரில் ஏறிய வளைவு ஃபர்ஸ்ட் கியர் கேட்கும். டிரைவரின் கால் அரை கிளட்ச்சிலேயே நிற்கும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் தீயும்.

ஏற்றத்திலாவது வண்டி திணறி நின்றுவிடும். ஆபத்து இறக்கத்தில்தான், அதிலும் லோடு ஏற்றிய இறக்கத்தில். கீழே இறங்கும் வண்டியை எஞ்சின்தான் பிடித்து நிறுத்திக்கொண்டே வர வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். பெரிய சக்கரம் அந்த எஞ்சின் பிடிப்பையும் பத்தில் ஒரு பங்கு குறைத்துவிடும். குறைந்ததை பிரேக்கால் ஈடுகட்ட வேண்டும். ஆனால் பெரிய சக்கரத்தை நிறுத்த அந்த பிரேக்குக்கே கூடுதல் விசை தேவை. டயரும் டிஸ்க்கும் கூடுதல் எடை வேறு. எழுபது வளைவிலும் காலை எடுக்காமல் மிதித்தால் லைனிங் சூடேறும். கருகிய வாடை வரும். அதன் பிறகு பெடலை மிதித்தாலும் வண்டி கேட்காது. மரவள்ளி மூட்டைகளோடு ஜவ்வரிசி ஆலைக்கு இறங்கும் பிக்கப்புக்கு இது விளையாட்டு விஷயமில்லை.

கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்க வேண்டும். அகல டயர் ஃபுல் கட்டில் மட்கார்டிலோ சேஸிஸிலோ உரசும். காலி வண்டியில் உரசாத டயர், லோடு ஏறி ஸ்பிரிங் அமர்ந்ததும் உரசும். கடையில் நிறுத்தி ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்து ‘இடிக்கவில்லை’ என்று திருப்திப்படுவது போதாது.

மீட்டரும் பொய் சொல்லும். சரியாகக் காட்டிவந்த மீட்டர், 31 அங்குல டயர் போட்ட பிறகு 60 காட்டும்போது வண்டி 67-இல் போய்க்கொண்டிருக்கும். 100 கி.மீ. என்று அது சொன்னால் உண்மையில் ஓடியது 112. எனவே மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்பும் முன் இந்தக் கணக்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்த பிறகும் எஞ்சும் இழப்பு, எடையும் உருளும் தடையும் தின்பது.

தேரிக்காட்டுக்கு அகலம், கொல்லிமலைக்கு ஒடுக்கம்

அகல டயர் எல்லா இடத்திலும் நல்லது என்பது தவறான எண்ணம். வண்டியின் எடையைப் பரப்பி, மேலாக மிதந்து போவதே அதன் வேலை. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் அது கைகொடுக்கும். ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளில் 38 அங்குல டயர் மாட்டி, காற்றை வெகுவாக இறக்கிப் பனிமேல் ஓட்டுகிறது. 2007-இல் அத்தகைய வண்டிகள், 1996-இல் வட காந்த முனை இருந்த இடம் வரை போய் வந்தன. அங்கே பனிக்கு அடியில் கெட்டித் தரை இல்லை. மிதப்பதைத் தவிர வழியில்லை.

மலைப் பாதையில் நிலைமை வேறு. மேலே அரையடிச் சேறு, அடியில் கெட்டி மண்ணும் கல்லும். ஒடுக்கமான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கிக் கெட்டித் தரையைப் பிடிக்கும். பழைய மகிந்திரா ஜீப்புகள் 6.00-16 என்ற ஒல்லி டயரிலேயே தோட்டப் பாதைகளில் காலம் தள்ளின. இன்றும் சுமை பிக்கப்களில் 7.00 ஆர் 15 போன்ற ஒடுக்கமான, உயரமான டயரைக் கம்பெனியே போட்டுத் தருகிறது. அது செலவு மிச்சப்படுத்தும் வேலை என்று நினைத்து அகல டயருக்கு மாறுகிறவர், சேற்றில் இருந்த பிடிப்பையும் சுமை தாங்கும் வலுவையும் சேர்த்தே இழக்கக்கூடும்.

சுமை தாங்குவது அகலத்தைப் பொறுத்ததில்லை. அளவுக்கு அருகில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். 100 என்றிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றிருந்தால் 900 கிலோ. பார்வைக்கு மிரட்டும் கார் டயர் ஒன்று, அதைவிட ஒல்லியான லோடு டயரைவிடக் குறைவாகத் தாங்குவது சாதாரணம். கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது.

எந்தப் பட்டன்?

பட்டன் வகையில் மூன்று: நெடுஞ்சாலைக்கான எச்.டி., எல்லாத் தரைக்குமான ஏ.டி., சேற்றுக்கான எம்.டி. எம்.டி. டயரில் பட்டன்களுக்கு இடையே அகலமான இடைவெளி. சேறு அப்பாமல் உதிரும். ஆனால் தார்ச்சாலையில் அந்த இடைவெளிகள் தரையைத் தொடாத வெற்றிடங்கள். ஐப்பசி மழையில் நனைந்த வளைவில் பிரேக் மிதிக்கும்போது தரையைப் பிடிக்க ரப்பர் குறைவாக இருக்கும். இரைச்சலும் அதிகம், தேய்மானமும் அதிகம். தினசரி ஓட்டத்தில் பெரும்பகுதி தாராகவும் கொஞ்சம் மண்ணாகவும் இருக்கும் வண்டிக்கு ஏ.டி.யே பொருத்தம். 1976-இல் பி.எஃப். குட்ரிச் ஏ.டி. ரேடியலை அறிமுகப்படுத்தியதும் இந்த இரட்டை வாழ்க்கைக்காகத்தான்.

சேற்றில் பிடிப்பைக் கூட்டச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. காலி வண்டியாக இருந்தால் காற்றை ஓரளவு இறக்கிக்கொண்டு மெதுவாகப் போகலாம். டயர் தரையில் பதியும் நீளம் கூடும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருந்தால் தார்ச்சாலை ஏறும் முன் காற்றைத் திரும்ப நிரப்பிவிடலாம். லோடு வண்டியில் இதைச் செய்யக்கூடாது. காற்று குறைந்த டயரில் சுமையோடு மலையிறங்கினால் பக்கச்சுவர் சூடேறிப் பிளக்கும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்டால்?

கம்பெனி அங்கீகரித்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. மஞ்சள் போர்டு பிக்கப் முதல் 8 ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு நிற்க வேண்டும். மட்கார்டை வெட்டி மாட்டிய டயரோடு போய் நிற்பதும், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயருக்குப் பதில் சொல்வதும் சுலபமில்லை. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பதும் விதி. மொட்டை டயரோடு மலையிறங்குகிறவர் பெரிய டயரைப் பற்றி யோசிப்பது அப்புறம் இருக்கட்டும்.

கடைக்குப் போகும் முன்

திருப்புலி நாட்டுப் பிக்கப்காரருக்கு நம் பரிந்துரை இதுதான். கம்பெனி அளவே முதல் தேர்வு. தரை இடைவெளி போதவே போதாது என்றால், உங்கள் வண்டி மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் பெரிய அளவு எது என்று விசாரியுங்கள். 3 சதவீதத்துக்குள் நில்லுங்கள். உயரத்தைக் கூட்டினாலும் அகலத்தைக் கூட்டாதீர்கள். ஏ.டி. பட்டன் எடுங்கள். நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும், ஸ்டெப்னி உட்பட. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அளவு மாறினால் கியர் பெட்டியே அடிவாங்கும். முன் சக்கரத்துக்கு ரீட்ரெட் டயர் வேண்டாம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்: 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் வார்த்தது.

31 அங்குல டயருக்கும் டிஸ்க்குக்கும் ஒதுக்கி வைத்த பணம் மிச்சமானால், அதில் முதலில் பிரேக் லைனிங்கை மாற்றுங்கள்.