14 மி.மீ. லென்ஸ் யாருக்கு?

எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்கிவிடலாம் என்றுதான் பலரும் அல்ட்ரா வைடு லென்ஸ் வாங்க நினைக்கிறார்கள். அதற்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம் என்பேன். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 பாகை பார்க்கிறது, 14 மி.மீ. லென்ஸ் 114 பாகை. இந்தக் கூடுதல் 30 பாகை சும்மா கிடைப்பதில்லை. நேர்கோடு நேராகவே விழும்படி லென்ஸை வடிவமைத்தால் ஓரத்தில் இருப்பது வெளிப்பக்கமாக இழுபட்டே தீரும். தட்டையான உலகப் படத்தில் கிரீன்லாந்து ஊதிப்போவதைப் போல. கல்யாண மேடையில் குடும்பப் படம் எடுத்தால், கோடியில் நிற்கும் அத்தையின் முகம் ஒன்றரை மடங்குக்கு மேல் அகன்றுவிடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மென்பொருளில் சரிசெய்யலாமே என்றால், முகம் சரியாகும்போது பின்னாலிருக்கும் தூண் வளையும்.

ஓரத்தில் வெளிச்சமும் குறையும். இதற்கு ஜெர்மனியின் கோயர்ட்ஸ் நிறுவனம் கண்ட வழி அலாதியானது. எமில் ஃபான் ஹோக் வடிவமைத்து 1900-இல் வந்த ஹைப்பர்கோன் லென்ஸில் இருந்தவை இரண்டே கண்ணாடிகள். ஆனால் 130 பாகைக்கு மேல் பார்த்தது. நடுவில் படம் வெளுத்து ஓரம் கறுத்துவிடாதிருக்க, லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவத் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். ரப்பர் குமிழை அமுக்கினால் காற்று பட்டு அது சுழலும். தகட்டின் நடுப்பகுதி மையத்து ஒளியைத் தடுக்கும். முனைகளின் இடைவெளி வழியே ஓரத்துக்கு ஒளி போகும். கடைசியில் தகட்டை விலக்கி, மையத்துக்கும் கொஞ்சம் ஒளி கொடுப்பார்கள். இன்று அந்த வேலையைக் கண்ணாடி அடுக்குகளே பெருமளவு செய்கின்றன. அதனால் கனம் கூடுகிறது. 2007-இல் வந்த நிக்கான் 14-24 ஏறக்குறைய ஒரு கிலோ. முன்கண்ணாடி புடைத்திருப்பதால் சாதாரண ஃபில்டரைத் திருகி மாட்டவும் முடியாது.

அப்படியானால் ஏன் வாங்க வேண்டும்? கிட்டே போவதற்காக. பாறையிலிருந்து ஒரு முழ தூரத்தில் கேமராவை வைத்தால் பாறை பெரிதாக எழும். பின்னாலிருக்கும் மலையும் வானமும் கூடவே வரும். இந்த நெருக்கத்தை 50 மி.மீ. லென்ஸ் தராது. செல்போனிலேயே 13 மி.மீ.க்கு இணையான லென்ஸ் இருக்கிறதே என்பார்கள். பகல் வெளிச்சத்தில் அது போதும்தான். பால்வீதியைப் படமெடுக்க அதன் சின்னஞ்சிறு சென்சார் திணறும். பல படங்களை ஒட்டிப் பெரிதாக்குவது கட்டடத்துக்குச் சரி, அலைக்கும் கூட்டத்துக்கும் சரிவராது. வீட்டு விளம்பரங்களில் பத்தடி அறையை மண்டபமாகக் காட்டும் பழக்கத்தை மட்டும் ஏற்கவே முடியவில்லை. அந்தப் படத்தை நம்பித்தான் ஒருவர் அட்வான்ஸ் கொடுக்கிறார். வாங்கும் முன், உங்களிடமுள்ள ஜூமின் மிக அகலமான முனையில் எடுத்த படங்களைப் புரட்டுங்கள். அவற்றில் முன்புறம் காலியாகக் கிடந்தால், இன்னும் அகலமான லென்ஸ் அந்தக் காலியிடத்தைத்தான் பெரிதாக்கும்.