நிலக்கரி நீர்மங்களில் பீனால்களைப் பகுத்தாய்தல்: முறைகளும் வரம்புகளும்

முன்னுரை

நிலக்கரியைக் காற்றில்லாச் சூழலில் வெப்பப்படுத்தும்போது வளிமம், கல்கரி ஆகியவற்றுடன் தார் என்னும் கருநிற நீர்மமும் கிடைக்கின்றது. உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி நிலக்கரியை நேரடியாக நீர்மமாக்கும் முறைக்கு பிரெடெரிக் பெர்கியஸ் 1913ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இவ்விரு வழிகளிலும் பெறப்படும் நீர்மங்கள் நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவையாகும். அவற்றுள் பீனால்கள் தனிக் கவனத்திற்குரியன. பிசின், கிருமிநாசினி முதலியவற்றுக்கு மூலப்பொருளாகும் இவை, எரிபொருளில் எஞ்சினால் நிறமாற்றத்தையும் பிசுபிசுப்பான படிவையும் உண்டாக்குகின்றன. கழிவுநீரில் கலந்தால் நஞ்சாகின்றன. ஆகவே இவற்றை அளந்தறியும் முறைகளையும் அம்முறைகளின் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

அமிலத்தன்மைவழிப் பிரித்தல்

1834ஆம் ஆண்டில் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து பீனாலைப் பிரித்தெடுத்து, அதனைக் கார்பாலிக் அமிலம் என அழைத்தார். பீனாலின் அமிலத்தன்மை கார்பாக்சிலிக் அமிலங்களினும் குறைந்தது, நீரினும் மிகுந்தது. இவ்வேறுபாடே பிரித்தலுக்கு அடிப்படையாகின்றது. கரைப்பானில் கரைத்த மாதிரியைச் சோடியம் பைகார்பனேட் கரைசலுடன் குலுக்கினால் கார்பாக்சிலிக் அமிலங்கள் நீங்கும். அடுத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் பீனால்களையும், நீர்த்த கந்தக அமிலம் குயினோலின் போன்ற காரங்களையும் ஈர்த்துக்கொள்ளும். எஞ்சுவன நடுநிலைச் சேர்மங்கள். காரக் கரைசலை அமிலமாக்கினால் பீனால்கள் மீளக் கிடைக்கும்.

எனினும், பெரிய ஆல்கைல் தொகுதிகளைக் கொண்ட பீனால்கள் காரத்தில் முழுமையாகக் கரைவதில்லை. காரக் கரைசலிலுள்ள பீனால்கள் காற்றுப்பட்டால் ஆக்சிஜனேற்றமும் அடைகின்றன. இவ்விரு காரணங்களாலும் கிடைக்கும் அளவு உண்மை அளவினும் குறையக்கூடும்.

மாற்றியச் சிக்கல்

ஆர்த்தோ கிரெசாலின் கொதிநிலை ஏறத்தாழ 191 பாகை செல்சியசு. மெட்டா, பாரா கிரெசால்கள் இரண்டும் 202 பாகையை ஒட்டிக் கொதிக்கின்றன. எனவே பின்னக் காய்ச்சி வடித்தல் முதலாவதைப் பிரிக்கும். ஏனைய இரண்டையும் பிரிக்காது. நிறை நிறமாலைமானியும் இங்குப் போதாது. மூன்றின் மூலக்கூறு நிறையும் 108 என்பதே காரணம். ஹைட்ராக்சில் தொகுதியை டிரைமெத்தில்சிலைல் ஈதராக மாற்றி வாயு வண்ணப்பிரிகைக்கு உட்படுத்தினால் முகடுகள் கூர்மையடையும். அப்போதும் தூய சேர்மங்களோடு ஒப்பிட்டே மாற்றியங்களை உறுதிசெய்தல் வேண்டும்.

கழிவுநீர் அளவீடு

நான்கு-அமினோ ஆன்டிபைரின் முறையில், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு முன்னிலையில் காரச் சூழலில் தோன்றும் சிவப்பு நிறம் 510 நானோமீட்டரில் அளக்கப்படுகின்றது. இது எளியது, பரவலாகப் பின்பற்றப்படுவது. ஆனால் பாரா இடத்தில் ஆல்கைல் தொகுதியுடைய பீனால்கள் இவ்வினையில் நிறம் தருவதில்லை. நிலக்கரிக் கழிவுநீரிலோ பாரா கிரெசால் இயல்பாகவே காணப்படும். எனவே கருவி காட்டும் 'மொத்தப் பீனால்' அளவில் நச்சுப்பொருளின் ஒரு பகுதி விடுபட்டுப்போகின்றது. குடிநீரில் பீனால் சேர்மங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்பதை எண்ணினால் இவ்விடுபாட்டின் முக்கியத்துவம் விளங்கும்.

முடிவுரை

பீனாலின் அளவு என்பது அளந்த முறையோடு பிணைந்த ஒன்று. பிரித்தெடுத்த முறை, மாற்றியங்களை உறுதிசெய்த விதம், நிறவினையின் வரம்பு ஆகியவற்றைக் குறிப்பிடாத அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் பொருந்தாது. நிறவினையை விரைந்த முதற்சோதனையாகவும் வண்ணப்பிரிகையை அதனைச் சரிபார்க்கும் முறையாகவும் கொள்வதே தக்கதாகும்.