விரட்ட ஆளில்லாத வகுப்பறை

எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்த காலத்தில் என்னை விரட்ட நான்கு பேர் இருந்தார்கள்: வகுப்பாசிரியர், டியூஷன் சார், அம்மா, போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு அக்கா. விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது அந்த நால்வரில் ஒருவரும் உடன் இல்லை.

அது விரைவுப் பயிற்சி. தரைப்பாடம், பறக்கும் பயிற்சி எல்லாவற்றையும் சுமார் 18 மாதங்களில் முடித்தாக வேண்டும். வானிலை, வழிகாணல், விமானச் சட்டம் என்று 14 தாள்கள். ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. பாடம் வேகமாக ஓடும். புரியாதவர் கை தூக்கிக் கேட்க வேண்டும். யாரும் தேடி வந்து விசாரிக்கமாட்டார்கள்.

நான் சுலபமான வழியைப் பிடித்தேன். பழைய கேள்விகளைத் திரட்டி விடைகளை மனப்பாடம் செய்தேன். மாதிரித் தேர்வில் 80க்கு மேல் வந்தது. நன்றாகப் படிக்கிறேன் என்றே நம்பினேன்.

ஒரு நாள் காலை, பறப்பதற்கு முன் பயிற்றுநர் கேட்டார்: “இந்த விமானம் எந்த வேகத்தில் ‘ஸ்டால்’ ஆகும்?” அதாவது, இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம் எது? “50 நாட்” என்றேன். “உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால்?” மீண்டும் 50 என்றேன்.

அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டார். அன்று நான் பறக்கவில்லை.

சரியான விடை சுமார் 70. அப்படித் திரும்பும்போது இறக்கை விமானத்தின் எடையைப்போல் இரு மடங்கு சுமக்க வேண்டும்; அதனால் ஸ்டால் வேகமும் ஏறத்தாழ 41 விழுக்காடு கூடுகிறது. தரையிறங்கும் முன் தாழ்வாகத் திரும்பும் விமானி இதை அறியாவிட்டால், தவற்றைத் திருத்த உயரம் இருக்காது. வீட்டை அடமானம் வைத்து அப்பா கட்டிய கட்டணத்தில், நான் விடைகளை மட்டும்தான் வாங்கியிருந்தேன்.

அன்றிரவு முதல் படிக்கும் முறையை மாற்றினேன். ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் படம் வரைந்து எனக்கு நானே விளக்குவேன். எந்த இடத்தில் திக்குகிறேனோ அதைத் ‘தெரியாதவை’ என்ற நோட்டுப்புத்தகத்தில் எழுதி, மறுநாள் வகுப்பில் முதல் ஆளாகக் கேட்பேன். பிற்பகலில் இடிமழை வந்து பயிற்சி ரத்தாகும் நாள்களில், அறையில் நாற்காலியில் அமர்ந்து கண்களை மூடி, இயந்திரத்தை இயக்குவது முதல் தரையிறங்குவது வரை ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவேன். விமானத்தில் ஒரு மணி நேரத்திற்குப் பெரும் பணம். நாற்காலி இலவசம்.

தொடக்கத்தில் மாதிரித் தேர்வு மதிப்பெண் குறைந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால், அந்த நோட்டுப்புத்தகத்தில் அடித்த வரிகள் வாரந்தோறும் கூடின.

மூன்று வாரம் கழித்துப் பயிற்றுநர் அதே கேள்வியைக் கேட்டார். நான் எண்ணைச் சொல்லவில்லை. தாளை எடுத்துப் படம் வரைந்தேன். பாதியிலேயே சாவியை என் பக்கம் தள்ளினார்.

தம்பி தங்கைகளே, நீங்கள் விமானி ஆகாமல் போகலாம். இன்றிரவு ஒரு பாடத்தை முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வெற்றுத்தாளை எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு எது தெரியவில்லை என்பதை அது சொல்லிவிடும்.