சுவை பாராது சமைக்கும் பாலும் பழமும்

தைப்பூசம் நெருங்கும் நாள்களில் ஈப்போ வட்டாரத்துக் கடைகளில் பாலுக்கும் வாழைப்பழத்துக்கும் கிராக்கி ஏறுவது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சியாகும். புந்தோங் சுங்கை பாரி சாலை மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் பால்குடங்களும் காவடிகளும் குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் சன்னிதியை அடைகின்றன. வேலவனுக்கும் பழத்துக்கும் உள்ள உறவை அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒரு கனிக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையல்லவா அவன்!

ஆலயத்துக்குச் செல்லும் பாலையும் பழத்தையும் பற்றி நம்மவர் காட்டும் கவனம், வீட்டுப் பூசையறையில் படைக்கும் இனிப்பில் இருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் முதல் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. அதன்பின் பேராக் முழுவதும் பரவிய தோட்டங்களில் நம் முன்னோர் லயத்து வீடுகளில் வாழ்ந்தனர். விடியலில் பால்மரம் சீவிய கைகளே பொழுது சாயும் நேரத்தில் மாட்டுப்பாலும் கறந்தன. திருவிழா வந்தால் தோட்டத்து மாரியம்மன் கோயில் முற்றத்தில் பெரிய அண்டா ஏறும். பாட்டிமார் கையளவில் வெல்லத்தை அள்ளிப் போடுவார்கள். ஒருவரும் சுவை பார்க்க மாட்டார்கள். படைக்கும் முன் நாவில் வைப்பது தகாது என்பது அன்றைய நியதி. ஆயினும் பிரசாதம் ஒருநாளும் தவறியதில்லை.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்தன. குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. சுவை பாராத நியதி நம்முடன் வந்தது. பாட்டியின் கையளவு வரவில்லை. ஆகவே இன்றைய இல்லத்தரசிக்குத் தராசும் அளவுக் குவளையுமே துணை. இவற்றைக் கொண்டு சமைப்பதைப் பக்திக்குக் குறைவாக எண்ண வேண்டாம்.

முதலில் பஞ்சாமிர்தம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழகத்தில் கோயில் பிரசாதம் ஒன்று அச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. விருப்பாச்சி மலைவாழையும் வெல்லச் சர்க்கரையும் நெய்யும் தேனும் ஏலமும் சேரும் அதில் ஒரு சொட்டு நீரும் கலப்பதில்லை. அந்த மலைவாழையில் நீர்ப்பதம் குறைவு. சர்க்கரையோ இருக்கும் ஈரத்தையும் தன்வசம் இழுத்துக்கொள்கிறது. கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு அதில் வாழ வழியில்லை. குளிர்ப்பெட்டி இன்றியே அது நாள்பட நிற்பதன் காரணம் இதுதான்.

நமக்கு விருப்பாச்சி கிட்டாது. ரஸ்தாளி இருக்கிறது, மலாய்க்காரரும் அதை ரஸ்தாளி என்றே அழைக்கின்றனர். ஆனால் முற்றக் கனியாத ரஸ்தாளியில் கட்டியும் துவர்ப்பும் தங்கிவிடும். எமது தேர்வு பிசாங் மாஸ். தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாக உரித்து 500 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். தூளாக்கிய வெல்லம் 200 கிராம், கொட்டை நீக்கி நறுக்கிய பேரீச்சை 100 கிராம், கற்கண்டு 50 கிராம், தேனும் நெய்யும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி, ஏலப்பொடி அரைத் தேக்கரண்டி போதும். வெல்லத்தை நீர்விட்டுக் காய்ச்சாமல் பழத்துடன் சேர்த்துப் பிசையுங்கள். பழமே நீர் விட்டு இளகும். அரைக்கும் இயந்திரத்தில் இட்டால் கூழாகிவிடும், கையே நல்லது. நம் பழத்தில் ஈரம் மிகுதி. எனவே பழனியின் ஆயுளை எதிர்பாராமல், குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாள்களில் உண்டுவிட வேண்டும்.

இங்குள்ள மலாக்கா வெல்லத்தைச் சிலர் இதில் இடுகின்றனர். தென்னம்பாளைச் சாற்றில் காய்ச்சும் அதன் புகைமணம் ஏலத்தை அமுக்கிவிடும். தேங்காய்ப்பால் பாயசத்துக்கு அதைப்போல் வேறில்லை. 100 கிராம் ஜவ்வரிசியை அரை லிட்டர் இரண்டாம் பாலில் கண்ணாடிபோல் வேகவிட்டு, 180 கிராம் மலாக்கா வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து 200 மில்லி முதற்பாலைக் கலக்குங்கள். முதற்பால் கொதித்தால் எண்ணெய் பிரிந்து திரிந்து போகும். மாட்டுப்பாலிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வெல்லத்தில் சற்றுப் புளிப்புண்டு. கொதிக்கும் பாலில் அதை இட்டால் பால் திரியும். இரண்டும் ஆறிய பின்னரே சேர வேண்டும்.

டின் பால் வாங்குவோருக்கு ஒரு சொல். கடைகளில் அடுக்கியிருக்கும் டின்களில் பல இன்று பாலன்று, ‘கிரீமர்’. பால்கொழுப்புக்குப் பதில் அதில் இருப்பது செம்பனை எண்ணெய். நம்மைத் தோட்டத்திலிருந்து பெயர்த்த செம்பனை டின்னுக்குள் புகுந்து பூசையறை வரை வந்துவிட்டது! பெயர்ச்சீட்டைப் படித்து வாங்குங்கள்.

இனி மிக முக்கியமானதொன்று. இளைய தலைமுறை விரும்புவது வெண்ணெய்போல் வழுக்கும் குளிர்ந்த இனிப்பு வகைகளை. அவற்றைப் படைப்பதில் தவறொன்றும் காணோம். ஆனால் அவற்றை உறைய வைக்கும் ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுக்கப்படுவது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றியின் கலப்பில்லை என்று தெளியலாம். மாட்டின் எலும்பு இல்லை என்று தெளிய முடியாது. விரதமிருந்து பால்குடம் எடுப்பவர் வீட்டில், பசுவைத் தாயெனப் போற்றுவோர் கையால், இது அறியாமலே படைக்கப்படுகிறது. சில தயிர் வகைகளிலும் இது கலந்திருப்பதுண்டு.

மாற்று நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கடற்பாசியிலிருந்து வரும் அகார் அகார் முழுச் சைவம். ஜெலட்டின் நம் ஊர் வெயிலில் இளகி ஓடும். அகார் அகார் 85 பாகைச் சூட்டுக்கு மேல்தான் உருகும். பச்சை அன்னாசியும் பப்பாளியும் ஜெலட்டினை உறைய விடாது. அகார் அகாரை அவை ஒன்றும் செய்வதில்லை.

மென்மையாக வேண்டுமெனில் ஒரு லிட்டருக்கு 6 கிராம் தூள் போதும். பலர் 10 கிராம் இட்டுவிட்டு, கத்தியால் வெட்டுமளவு இறுகிவிட்டது என்று குறைபடுகின்றனர். 300 மில்லி நீரில் தூளைக் கலந்து முழுதும் கரையக் கொதிக்க விடுங்கள். பாலில் அது எளிதில் கரையாது. வேறு பாத்திரத்தில் 700 மில்லி பாலை 120 கிராம் சீனியுடன் சூடாக்கி அதனுடன் சேர்க்க வேண்டும். குளிர்ந்த பால் ஊற்றினால் கட்டி கட்டியாகும். சிறு கிண்ணங்களில் ஊற்றி ஆறவிடுங்கள்.

மேலே வைக்கத் தம்பூன் பம்பளிமாஸ் இருக்கையில் டின் பழம் எதற்கு? வெண்தோலை முழுதும் நீக்கி, சுளை உடையாமல் முத்து முத்தாக உதிர்த்து, பால் நன்கு உறைந்த பின்னரே தூவுங்கள். சூடான பாலில் அதன் புளிப்புப் பட்டால் திரிந்துவிடும். முதல் கிண்ணத்தைப் பூசையறைக்கு எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். தீபாராதனை முடிந்ததும் வீட்டில் உள்ளோர் சில்லென்று உண்ணலாம்.